விடுபட்டதைச் சொல்லாத படம்

தொண்டு நிறுவனம், பள்ளி, சிறு தொழில் எங்கு பார்த்தாலும் இப்போது இதே ஏற்பாடுதான். தகவல் கூகுள் ஷீட்ஸில் ஏறுகிறது, லுக்கர் ஸ்டூடியோவில் படமாக விரிகிறது. நிதி கொடுப்பவர்கள் அறிக்கைக்கு முன்பே டாஷ்போர்டைக் கேட்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இணைப்பது எப்படி என்று சொல்லித்தருகிறார்கள். இணைத்த பிறகு எதைச் சோதிப்பது என்பதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. குறை சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: “இணைப்பில் தப்பில்லை, நிரப்புகிறவர்கள்தான் தப்பாக நிரப்புகிறார்கள்.” இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் நன்மைகள் உண்மையானவை. காசு செலவில்லை, நிரல் எழுதத் தெரிந்த ஆள் தேவையில்லை. ஒரே கோப்பின் ஐந்தாறு பிரதிகள் மின்னஞ்சலில் சுற்றும் குழப்பம் தீர்ந்தது. ஒரு விரிதாளில் 1 கோடி கட்டங்கள் வரை இடம் உண்டு. சிறிய அமைப்புக்கு இது தாராளம். கோவிட் காலத்தில் இந்தியாவின் மாவட்டவாரி எண்ணிக்கையைத் தன்னார்வலர்கள் covid19india தளத்தில் திரட்டித் தந்ததற்கும் பின்னால் இருந்தது ஒரு கூகுள் ஷீட்தான். 2021 அக்டோபர் 31 வரை அது நடந்தது.

சில்லறைக் குறைகளும் உண்டு. ‘நேரலை’ என்று சொன்னாலும், லுக்கர் ஸ்டூடியோ ஷீட்டிலிருந்து புதுத் தரவை எடுப்பது வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான். இணைப்பு யாரோ ஒருவருடைய கணக்கின் அனுமதியில் ஓடும். அவர் வேலையை விட்டுப் போய் அந்தக் கணக்கு மூடப்பட்டால் படமும் நின்றுபோகும். இவை வெளியே தெரிகிற கோளாறுகள். படம் நின்றால் யாராவது கேட்பார்கள், யாராவது சரிசெய்வார்கள்.

தெரியாமலே நடப்பதுதான் ஆபத்து. ஒரு மழைமானிப் பதிவை எடுத்துக்கொள்வோம். தினமும் காலை 8.30-க்கு அளந்து ஷீட்டில் எழுத வேண்டும். பத்து நாளில் ஆறு நாள் மழை, மொத்தம் 60 மி.மீ. மீதி நான்கு நாளும் எழுதுகிறவர் சுழியம் போடாமல் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார். மனிதர் படித்தால் இதில் எந்தக் குழப்பமும் கிடையாது. ஆனால் அந்த நெடுவரிசை எண் வகை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்து உள்ள கட்டங்கள் வெற்றாகிவிடுகின்றன; சராசரி கணக்கிடும்போது வெற்றுக் கட்டங்கள் கணக்கில் வருவதே இல்லை. ஒரு நாள் சராசரி 6 மி.மீ. என்று வரவேண்டிய இடத்தில் 10 மி.மீ. என்று வருகிறது. மொத்தக் கூட்டல் மட்டும் சரியாகவே 60 காட்டும். அதைச் சரிபார்த்தவர் திருப்தியோடு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மானி உடைந்து ‘பதிவு இல்லை’ என்று எழுதிய நாளும், மழையே பெய்யாத நாளும் படத்தில் ஒன்றாகிவிடுகின்றன. நீர் மேலாண்மைக்கு இந்த எண்ணை நம்புகிறவருக்கு இவை இரண்டும் ஒன்றா?

இது எங்கோ ஒளிந்திருக்கும் பிழையும் அல்ல. ஷீட்ஸிலேயே உள்ள குவெரி சூத்திரத்துக்கான உதவிக் குறிப்பில் கூகுள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: ஒரு நெடுவரிசையில் பல வகை மதிப்புகள் கலந்திருந்தால் பெரும்பான்மை வகைதான் எடுத்துக்கொள்ளப்படும், சிறுபான்மை வெற்றாகக் கருதப்படும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அந்த விதி எத்தனை கட்டங்களை விழுங்கியது என்பதை மட்டும் படம் பார்ப்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

தேதியில் நடப்பது இன்னும் மோசம். ஷீட்டின் மொழி-நாடு அமைப்பு அமெரிக்கா என்று இருக்கும். நாம் நாள், மாதம், ஆண்டு என்று நம் வழக்கப்படி எழுதுவோம். ஏப்ரல் 3-ஐ 03/04/2024 என்று எழுதினால் ஷீட் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04/2024 என்று எழுதினால், பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஏப்ரல் 1 முதல் 12 வரையிலான பதிவுகளில் 4-ஆம் தேதி ஒன்று மட்டும் தற்செயலாகச் சரியாக நிற்கும். மற்றவை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சிதறிவிடும். 13 முதல் 30 வரையிலான பதினெட்டு நாளும் தேதியாகவே எடுபடாது.

ஷீட்டைத் திறந்து பார்த்தால் இதற்கு ஒரு அடையாளம் கிடைக்கும். தேதியாக எடுத்துக்கொண்டவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாகக் கிடப்பவை இடப்பக்கம் நிற்கும். மழைப் பதிவிலும் ‘இல்லை’ என்ற சொல் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. விரிதாள் அசிங்கமாக இருந்தாலும் தன் அழுக்கை மறைப்பதில்லை. இணைப்பு வந்ததும் அந்த அடையாளம் எல்லாம் அழிந்து, ஒழுங்கான ஒரு கோடும் நாலு வண்ணமும் மிஞ்சுகின்றன. சல்லடையில் சலித்தால் தங்கிய கப்பியாவது கண் முன்னே கிடக்கும். இங்கே அதுவும் கிடையாது. முடிவு எடுக்கிறவர் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். அவர் ஷீட்டைத் திறக்கவே வேண்டாம் என்பதுதானே இந்த வழக்கத்தின் பெருமை!

நிரப்புகிறவர் மீது பழிபோடுவது இதனால்தான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. வெயிலில் நின்று கைபேசியில் ஒற்றை விரலால் தட்டுகிற களப்பணியாளர் ‘இல்லை’ என்று எழுதியது நேர்மையான பதிவு. அதை மௌனமாகத் தூக்கிப் போட்டது இணைப்பு. ஷீட்ஸில் தரவுச் சரிபார்ப்பு வசதி இருக்கிறது, கட்டங்களைப் பூட்டிவைக்கவும் முடியும் என்பார்கள். முடியும்தான். ஆனால் இன்னொரு தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அந்தச் சரிபார்ப்பு விதி பல நேரம் அழிந்துபோகிறது. களத்தில் பாதி வேலை ஒட்டுவதுதான்.

எண்ணிக்கை பெரிதானால் இந்த மௌனத்துக்கு விலையும் பெரிது. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வகக் கோப்புகளை 65,536 வரிசை மட்டுமே கொள்ளும் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியது. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையே 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமல் போயின. தொற்று கண்டவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை தாமதமானது. அது ஆன்லைன் விரிதாள் அல்ல என்று யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம். கொள்ளாததைக் கேட்காமல் வெளியே விட்டு, மீதியை முழுமை போலக் காட்டும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

அப்படியானால் covid19india எப்படித் தாக்குப்பிடித்தது? மாநில அறிவிப்புகளைப் பார்த்து, தங்களுக்குள் சரிபார்த்து, அதன் பிறகே ஷீட்டில் ஏற்றிய தன்னார்வலர்களால். மூலத் தரவையும் எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்துவைத்தார்கள். இன்று அந்த வெற்றியை மேற்கோள் காட்டுகிறவர்கள் கருவியை எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிடுகிறார்கள்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு எண்கள் வேண்டும்: ஷீட்டில் உள்ள வரிசைகள் எத்தனை, இந்தக் கணக்கில் சேர்ந்தவை எத்தனை. லுக்கர் ஸ்டூடியோவில் இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. பதிவுகளின் எண்ணிக்கையையும், அந்த நெடுவரிசையில் வெற்றல்லாத மதிப்புகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். மழைப் படத்தின் கீழே ‘10, 6’ என்று இருந்திருந்தால் யாராவது மீதி நான்கு எங்கே என்று கேட்டிருப்பார்கள். இதைக் கருவி தானாகவே செய்ய வேண்டும். செய்யாத வரை, நிதி கொடுப்பவர்கள் டாஷ்போர்டோடு சேர்த்து இந்த இரண்டு எண்களையும் கேட்கட்டும்.