இருந்த ரயிலும் இல்லாத ரயிலும்

பழைய ரயில் பாதைகளைக் கணினித் திரையில் மீண்டும் அமைத்து, அவற்றில் வண்டி ஓட்டி மகிழும் கலை ஒன்று நம்மிடையே வளர்ந்து வருகிறது. பிள்ளை விளையாட்டென்று பலர் ஒதுக்குகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. வரலாறு எழுதும் முறைகளுள் இதுவும் ஒன்று. ஆகவே, வரலாற்று நூலை அளக்கும் கோலாலேயே இதனையும் அளத்தல் வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 'டிரெய்ன் சிமுலேட்டர்' ஆறு பாதைகளுடன் வந்தது. அவற்றுள் இரண்டு 1920-களின் தோற்றத்தில் அமைந்தவை. இந்தியப் பாதை ஒன்றேனும் இல்லை. அக்குறையை நிரப்பியவர்கள் ஊதியம் கருதாத ஆர்வலர்களே. அவர்தம் உழைப்பைப் போற்றுகிறோம். எனினும் போற்றுதல் மட்டுமே திறனாய்வாகிவிடாது.

சேலத்தையும் நாமக்கல்லையும் எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மேலைக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப் பாதை 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்தைத் தொட்டுவிட்டது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவே தொலைவிலுள்ள நாமக்கல்லுக்குப் பயணி ரயில் வந்ததோ 2013-இல்தான். நாமக்கல் மலைக்கோட்டையின் பின்னணியில் நீராவி எஞ்சின் புகை கக்கிச் செல்வதாக ஒருவர் அமைத்தால் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அது நடவாத ஒன்று.

இதற்கு மாறாக, இருந்து மறைந்த பாதையும் உண்டு. அன்றைய சேலம் மாவட்டத்தில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் 762 மில்லிமீட்டர் அகலமே கொண்ட குறுகிய பாதை திறக்கப்பட்டது. 1913-இல் ஓசூர் வரை நீண்டது. உலகப் போரின் நடுவே 1941-இல் மூடப்பட்டது. அதில் பயணம் செய்த நினைவுடையோர் எவரேனும் இருப்பின், இன்று தொண்ணூறை எட்டியவராகவே இருப்பர்.

இப்பாதையை மீட்டெடுக்க முனைவோர்க்கு ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918-ஆம் ஆண்டு சேலம் மாவட்ட கெஜட்டியர் உண்டு. பழைய நில அளவைப் படங்களும் கால அட்டவணைகளும் துணை செய்யும். ஆனால் நிலையத்துக் கூரை ஓடா, கீற்றா? தண்ணீர்த் தொட்டி எப்பக்கம் நின்றது? நிழல் தந்தது புளியா, வேம்பா? இவற்றை ஏடுகள் கூறுவதரிது. அவ்விடத்தில் கற்பனை புகுந்தே தீரும்.

கற்பனையைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. அதனை மறைப்பதே குற்றம். நூலாசிரியன் ஐயமுள்ள இடத்தை ஐயமென்றே எழுதுகிறான். திரையிலோ, ஆவணம் தந்த தண்டவாளமும் ஊகம் தந்த புளியமரமும் ஒரே உறுதியுடன் நிற்கின்றன. பார்க்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. மறைந்த பாதைக்கு வேறு சாட்சியம் அருகிவிட்ட நிலையில், நாளை அப்படமே வரலாறாகிவிடும்.

ஆதலின், பாதை அமைப்போர் ஒவ்வொருவரும் 'இது ஏட்டில் கண்டது, இது பெரியோர் சொல்லக் கேட்டது, இது எம் ஊகம்' என மூவகையாகப் பிரித்து ஒரு குறிப்பை இணைத்தல் வேண்டும். நம் இல்லங்களில் இக்கலையில் ஈடுபட்டுள்ள இளைஞர்கள், கணினிமுன் அமருமுன் வீட்டு முதியோர் அருகே அமரட்டும். ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திருக்க மாட்டார்கள்.