கைமாறிய வாசல்

மும்பை அப்போலோ பந்தரில் இருந்த ராயல் பம்பாய் யாட் கிளப்பின் கதையை வழக்கமாக இரண்டு அத்தியாயங்களில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதலாவது வெள்ளையருடையது: 1846இல் தொடங்கிய கிளப், 1880களில் கடலைப் பார்த்து எழுந்த கட்டடம், இந்தியருக்கு அடைத்த வாசல். இரண்டாவது விடுதலையுடையது: 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு எதிரேயிருந்த இந்திய நுழைவாயில் வழியே கப்பலேறியது. மறு ஆண்டில் ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பழைய கிளப் கட்டடத்தில் குடியேறியது. கிளப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஒதுங்கிக்கொண்டது. கேளிக்கைக் கூடம் ஆய்வுக்கூடமாயிற்று.

கேட்க இனிக்கும் இக்கதையை ஒரு பிரதியாக வாசிக்கும்போது எனக்கு இடறுகிறது. வாசல் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதே இதன் ஒரே கேள்வி. கொடுத்தவரும் ஆண், பெற்றவரும் ஆண். நிறத்தைக் கேட்கத் தெரிந்த கதைக்குப் பாலினத்தைக் கேட்கத் தோன்றவில்லை.

காலனியக் கிளப்களில் வெள்ளைப் பெண்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மனைவியாக, மகளாக, விருந்தினராகவே நுழைந்தார்கள். இங்கிலாந்தில் 1815இல் தொடங்கிய ராயல் யாட் ஸ்குவாட்ரன் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமையைத் திறந்தது 2013இல்தான். நம் பக்கமும் பெருமை பேச ஏதுமில்லை. முந்நீர் என்பதற்குக் கடல் என்று பொருள் கொண்டால், கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பா ஒன்று.

இரண்டாம் அத்தியாயத்தில் விடுபட்டவர் ஒருவர் உண்டு. பிபா சௌத்ரி, 1913இல் பிறந்த வங்காளி. தேபேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து ஒளிப்படத் தகடுகளில் அண்டக்கதிர்த் துகள்களின் தடங்களை ஆராய்ந்தவர். அக்கட்டுரைகள் நேச்சர் இதழில் வந்தன. போர்க்காலத்தில் மேலும் நுண்ணிய தகடுகள் கிடைக்காமல் அந்த ஆய்வு நின்றது. பின்னர் மேம்பட்ட தகடுகளுடன் அதே வழியில் சென்ற சிசில் பவலுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. மான்செஸ்டரில் பிளாக்கெட்டிடம் ஆய்வு செய்த பிபா, 1949இல் பாபாவின் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் முதல் பெண் ஆய்வாளர் அவர். நிறுவனம் பழைய கிளப்புக்குள் வந்ததும் அதே ஆண்டில்தான். 1957 வரை அங்கே பணியாற்றினார்.

பாபா அவரை அழைத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அழைப்பது வேறு, நினைவில் வைப்பது வேறு. பிபா 1991இல் மறைந்தார். 2019இல் ஒரு விண்மீனுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எட்டாத உயரத்தில் பெயர் வைப்பது எளிது. இருந்த காலத்தில் அவையில் இடம் தருவதற்குத்தான் மனம் வேண்டும்.

இத்தோடு நிறுத்தினால் நாமும் கிளப்பைப் போலவே ஆகிவிடுவோம். படித்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு கதவைச் சாத்துவதும் விலக்குதான். அந்தக் கட்டடத்துக்குத் தெற்கே, அதிகத் தொலைவில்லாமல், 1875இல் திறந்த சசூன் கப்பல்துறை இருக்கிறது. கோலிப் பெண்கள் அங்கே மீனை ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்று வீடு நடத்தினார்கள். கடலை நம்பிப் பிழைத்த இவர்களுக்குக் கடலின் பேரால் நடந்த கிளப்பிலும் இடமில்லை, அதன் இடத்துக்கு வந்த விஞ்ஞானத்தின் கதையிலும் இடமில்லை.

ஆகவே நிறுவன வரலாறு எதை வாசித்தாலும், என் மாணவிகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். கதவு திறந்தபோது உள்ளே போனவர் யார்? அப்போதும் வெளியே நின்றுகொண்டிருந்தவர் யார்? முதல் கேள்விக்கு விழா மலர்களில் விடை கிடைக்கும். இரண்டாவதற்கான விடையை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.