வாத்தியம் இல்லாத இசைக்குழு

1943 டிசம்பர் 27 மாலை. சுமத்ரா தீவின் பாலெம்பாங் நகரில், ஜப்பானிய ராணுவம் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்த முகாமில் ஒரு கச்சேரி. 30 பெண்கள் வந்து முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். நின்று பாடுகிற தெம்பு அவர்களுக்கு இல்லை. கையால் எழுதிய இசைக்குறிப்புத் தாள்களைப் பிடித்திருந்தார்கள். பாடியதில் ஒரு சொல்கூடக் கிடையாது. டிவோராக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியில் குழல்களும் தந்திக் கருவிகளும் சேர்ந்து எழுப்புகிற ‘லார்கோ’ பகுதியை அவர்கள் வெறும் தொண்டையால் எழுப்பினார்கள்.

இந்தக் கச்சேரியைப் பற்றி எழுதியவர்களில் பலர் அந்தப் பெண்களின் துயரத்தைச் சொல்லிவிட்டு இசையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பட்டினியிலும் பாடினார்களே என்ற வியப்போடு விஷயம் முடிந்துபோகிறது. அவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதை அதைவிடப் பெரியது. அவர்கள் தேர்ந்த இசைக்குழு. மற்ற குழுக்களை அலசுவதுபோல அவர்களையும் அலச வேண்டும். எதைத் தேர்ந்தார்கள், எப்படிப் பிரித்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள் என்று பார்க்கும்போதுதான் அவர்களுக்குப் பலம் எங்கிருந்து வந்தது என்பதும் பிடிபடுகிறது.

குழுவுக்குப் பின்னால் இரண்டு பேர். மார்கரெட் டிரைபர்க் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி. சீனாவிலும் பிறகு சிங்கப்பூரிலும் பணி செய்தவர், ஐம்பதைத் தாண்டியவர். நோரா சேம்பர்ஸ் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தவர். 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் விழும் தறுவாயில் கப்பலேறித் தப்பப் பார்த்தவர்களில் இருவரும் உண்டு. நோரா வந்த ‘வைனர் புரூக்’ பாங்கா தீவருகே குண்டுவீச்சில் மூழ்கியது. அதே கப்பலில் 65 ஆஸ்திரேலிய ராணுவ நர்ஸுகள் இருந்தார்கள். கரை சேர்ந்தவர்களில் 21 பேரை ஜப்பானியச் சிப்பாய்கள் கடற்கரையிலேயே சுட்டுக் கொன்றார்கள். 32 பேர் சிறைப்பட்டு, டிரைபர்க்கையும் நோராவையும் போலவே பாலெம்பாங் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். சுமத்ராவிலிருந்த டச்சுக் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும் கன்னியாஸ்திரிகளும் அதே முகாமில்தான்.

டிரைபர்க் ஒவ்வொரு உருப்படியையும் நினைவிலிருந்தே எழுதினார், அதையும் நான்கு பெண் குரல்களுக்குப் பிரித்து. நோராவும் கைகொடுத்தார். டெபுஸ்ஸி, மெண்டல்சன், பிராம்ஸ், சைக்காவ்ஸ்கி என்று பட்டியல் நீண்டது. சொல்லை எடுத்துவிட்டதால் ஆங்கிலப் பெண்ணும் டச்சுப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட மொழி தடையாகவில்லை. இளையராஜா பாடல்களில் சொல்லில்லாமல் வரும் பெண் கோரஸைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஒலியைக் கற்பனை செய்வது சிரமமில்லை. ஆனால் இங்கே முன்னால் பாட ஒரு பாடகியும் இல்லை, பின்னால் வயலினும் இல்லை. கோரஸே முழுக் கச்சேரி.

இதில் முதல் சிக்கல் அடிக்குரல். செல்லோவும் டபுள் பாஸும் தாங்குகிற கீழ்ஸ்தாயியைப் பெண் தொண்டை எட்டாது. ஆகவே எழுதுகிறவர் அடித்தளத்தையே மேலே தூக்கி, நான்கு குரல்களையும் நெருக்கி அடுக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால் ஒரு குரல் இம்மி நழுவினாலும் காதில் விழுந்துவிடும். மறைந்துகொள்ள இடம் இல்லாத இசை இது.

அதனால்தான் லார்கோவை முதலில் வைத்ததை மிகக் கூர்மையான தேர்வு என்கிறேன். அதன் பிரதான மெட்டின் முதல் அடி முழுவதும் ஸ, ரி, க, ப என்ற நான்கு சுரங்களுக்குள்ளேயே நடக்கிறது. மோகனம் கற்ற பிள்ளை இரண்டாம் தடவை கேட்டதும் பாடிவிடும். பெரிய தாவல் இல்லை, தொண்டையைக் கிழிக்கும் உச்சம் இல்லை. சிரமம் முழுவதும் வேகத்தில் இருக்கிறது. அவ்வளவு மெதுவான மெட்டுக்கு நீண்ட மூச்சு வேண்டும்.

மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பெரிபெரியும் தின்ற உடம்பில் நீண்ட மூச்சு ஏது? சேர்ந்திசையில் இதற்கு ஒரே வழிதான்: முறை வைத்து மூச்சு வாங்குவது. ஒருத்தி மூச்சை இழுக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவள் சுரத்தைப் பிடித்துக்கொள்வாள். முதலாமவள் சத்தமில்லாமல் திரும்பி வந்து சேர்ந்துகொள்வாள். கேட்பவருக்கு இழை அறாது. 30 பேரை நான்காகப் பிரித்தால் வரிசைக்கு ஏழெட்டுப் பேர். அது போதும். தனியாகப் பாடினால் பாதி அடியில் நின்றுபோகக்கூடிய ஒரு பெண்ணும், அந்த வரிசைக்குள் உட்கார்ந்தால் முழு அடியையும் பாடி முடிக்கலாம். பாட்டு பலம் தரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பலம் இந்த இடத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அவர்கள் பாடிய சோப்பினின் ‘மழைத்துளி’ பிரெலூட் வேறு வகையான சோதனை. அதில் ஒரே சுரம் விடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். பியானோவில் கட்டையைத் தட்டியதும் ஒலி தானாகத் தேய்ந்துவிடும். பாடகி அந்தத் தேய்வைத் தொண்டையில் உண்டாக்க வேண்டும், ஒவ்வொரு சொட்டுக்கும் புதிதாக. ஒரே சுரத்தை மெதுவாகத் திரும்பத் திரும்பப் பாடிப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே சுருதி இறங்க ஆரம்பிக்கும். களைத்த உடம்பில் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இதெல்லாம் கடும் ஒத்திகை இல்லாமல் வராது. விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, கக்கூஸ் சுத்தம் செய்துவிட்டு வந்துதான் ஒத்திகை பார்த்தார்கள். வரிசையில் நின்று குனிந்து வணங்கி எண்ணிக்கை கொடுப்பது அவர்களுடைய அன்றாடம். காவலாளிக்கு அவர்கள் வெறும் எண்ணிக்கை. ஒத்திகை நடத்தும் நோராவின் முன்னால் உட்கார்ந்ததும் ஒருத்தி இரண்டாம் சோப்ரானோ ஆகிறாள். அவளுடைய சுருதி சேரவில்லை என்றால் அது ஒரு விஷயம். திரும்பப் பாட வேண்டும். உன்னால் முடியும் என்று நம்புகிறவர்தான் உன்னைத் திருத்துவார். எல்லாம் பறிபோன ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய கௌரவத்தை யார் கொடுத்திருக்க முடியும்?

இன்று பல நாடுகளில் காப்பகங்களிலும் சிறைகளிலும் பெண்களுக்காகச் சேர்ந்திசைக் குழுக்கள் நடக்கின்றன. எப்படிப் பாடினாலும் பரவாயில்லை, வந்து கலந்துகொண்டால் போதும் என்று அன்போடு சொல்கிறவர்கள் உண்டு. முதல் நாள் கூச்சம் போக அந்தச் சொல் உதவும். மூன்றாம் மாதமும் அதையே சொன்னால், உன்னிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். துன்பப்பட்ட பெண்களுக்குச் சுலபமான பாட்டைக் கொடுக்கிற பழக்கத்தை நான் ஏற்கவில்லை. டிரைபர்க் அவர்களுக்கு டெபுஸ்ஸியைக் கொடுத்தார்.

கச்சேரி நடந்த அன்று மாலை, கேட்க வந்தவர்களிடமும் அவர் அதே அளவு எதிர்பார்த்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், டாஸ்கனினியோ தாமஸ் பீச்சமோ நடத்தும் கச்சேரி அரங்கில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கூட்டத்தைக் கலைக்கக் கோபத்தோடு ஓடிவந்த ஒரு காவலாளி, லார்கோவைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டதாக அங்கிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

புரூஸ் பெரஸ்ஃபோர்ட் 1997-ல் எடுத்த ‘பாரடைஸ் ரோட்’ படத்தில் இந்தக் கதை வருகிறது. கிளென் குளோஸ் நன்றாக நடித்திருக்கிறார். ஆனால் படத்துக்குக் கச்சேரிதான் முக்கியம். அதற்கு முந்தைய ஒத்திகை அவசரமாகக் கடந்துபோகிறது. ஒலிப்பதிவில் பாடியது நெதர்லாந்தின் ஹார்லெம் நகரப் பெண்கள் குழு. அழகான, நிறைவான ஒலி. முகாமின் ஒலி இதைவிடச் சன்னமாக, விளிம்பில் கொஞ்சம் கரகரப்போடு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த நிறைவைக் கேட்கும்போது எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருக்கிறது.

1944 அக்டோபரில் முகாமிலிருந்த பெண்களைப் பாங்கா தீவுக்கு மாற்றினார்கள். காய்ச்சல் அங்கே கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1945 ஏப்ரலில் மறுபடி சுமத்ராவுக்கு, பெலாலாவ் ரப்பர் தோட்டத்துக்கு. அந்தப் பயணம் முடிந்த சில நாட்களில், ஏப்ரல் 21 அன்று, டிரைபர்க் இறந்தார். அதற்குள் பாடகிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள். வரிசைக்கு மூன்று, நான்கு பேர் என்றால் முறை வைத்து மூச்சு வாங்கவும் ஆள் போதாது. குழு நின்றுபோனது.

நோரா பிழைத்தார். குழுவில் பாடிய நர்ஸ் பெட்டி ஜெஃப்ரி பிழைத்து, 1954-ல் ‘ஒயிட் கூலீஸ்’ என்ற நூலாக முகாம் வாழ்க்கையைப் பதிவு செய்தார். முகாமிலிருந்த டச்சுப் பெண்களில் ஒருவரான ஆன்ட்வானெட் கொலைன் பாதுகாத்துவைத்த இசைத்தாள்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1980-களின் தொடக்கத்தில் பாலோ ஆல்ட்டோ பெண்கள் குழு ஒன்று அவற்றைப் பாடியது. பிறகு பல நாட்டுக் குழுக்கள் பாடிவிட்டன.

சென்னையிலும் கொழும்பிலும் தேவாலயப் பெண்கள் குழுக்களுக்கு நான்கு குரல் பாடல் புதிதல்ல. அவர்கள் இதை எடுத்துப் பாட வேண்டும். எடுத்தால் 30 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நூறு பேர் சேர்ந்தால் அந்த நெருக்கமான அடுக்கு குழம்பிவிடும். லார்கோவின் வேகத்தைக் கூட்டாதீர்கள். இரண்டாம் ஆல்ட்டோவுக்கு மட்டும் இப்போதே ஆள் தேடத் தொடங்குங்கள்; கீழே இறங்கி அசையாமல் நிற்கிற பெண் குரல் எந்த ஊரிலும் சுலபத்தில் கிடைப்பதில்லை.