இப்னு கல்லிக்கானின் மறைந்தோர் ஏடு: ஒரு மதிப்பீடு

மறைந்தவரைப் பற்றி எழுதுவது எளிய செயல் எனக் கருதுவோர் உளர். உயிரோடிருப்பவனைப் பற்றி எழுதினால் அவன் மறுத்துரைப்பான். மாண்டவனோ மறுத்துரைக்க மாட்டான் என்பது அவர்தம் எண்ணம். உண்மையில் அதனாலேயே இப்பணி கடினமாகின்றது. மறுக்கவும் விளக்கவும் இயலாத ஒருவருக்காக எழுதுகோல் பிடிப்பவன் அவருக்குச் சாட்சியாகவும் நீதிபதியாகவும் ஒருங்கே நிற்க வேண்டியவனாகின்றான்.

இறந்தோரின் நற்செயல்களை எடுத்துரைக்குமாறும் அவர்களை ஏசாதிருக்குமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்துள்ளார்கள். அவர்களுடைய சமுதாயத்தில் தோன்றிய அறிஞர்களே, ஹதீது அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் வாய்மையையும் துருவி ஆராயும் 'ஜர்ஹு, தஃதீல்' என்னும் கலையையும் வளர்த்தனர். ஒருபுறம் நாவடக்கம், மறுபுறம் உண்மை. இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் ஒற்றையடிப் பாதையே மறைந்தோர் வரலாறு. அப்பாதையில் நெடுந்தொலைவு நடந்து காட்டியவர் காழி ஷம்சுத்தீன் அஹ்மது இப்னு கல்லிக்கான் அவர்கள். அவர்களுடைய 'வபயாத்துல் அஃயான்' என்னும் பெருநூலை, வாழ்த்துரையாக அன்றி மதிப்புரையாக ஈண்டு நோக்குவோம்.

நூலும் ஆசிரியரும்

இப்னு கல்லிக்கான் ஹிஜ்ரி 608-இல் (கி.பி. 1211) இர்பில் நகரில் பிறந்தார். ஹலபிலும் திமிஷ்கிலும் ஓதித் தேர்ந்து, கெய்ரோவில் நீதித்துறையில் பணியாற்றினார். அங்கே ஹிஜ்ரி 654-இல் இந்நூலைத் தொடங்கினார். 659-இல் சுல்தான் பைபர்ஸ் அவரைத் திமிஷ்கின் தலைமைக் காழியாக அமர்த்தவே, வழக்கு மன்றம் அவருடைய நேரத்தை விழுங்கிற்று. ஏடு பாதியில் நின்றது. பத்தாண்டுகளுக்குப் பின் பதவி பறிபோயிற்று. கெய்ரோவுக்கு மீண்ட அவர் தமக்கு வேண்டிய நூல்களை அங்கே கண்டெடுத்து, 672-இல் (கி.பி. 1274) நூலை முடித்தார். பதவி பறிபோனது அவருக்கு இழப்பு; அறிவுலகுக்கோ அது ஆதாயமாயிற்று. ஹிஜ்ரி 681-இல் (கி.பி. 1282) அவர் திமிஷ்கில் வபாத்தானார்.

எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கைக் குறிப்புகள் இந்நூலில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டி ஸ்லேன் என்பார் 1842 தொடங்கி 1871 வரை நான்கு தொகுதிகளாக இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். இஹ்ஸான் அப்பாஸ் அவர்கள் பதிப்பித்த அறபு மூலம் எட்டுத் தொகுதிகளாகப் பைரூத்தில் வெளிவந்தது.

இவருக்கு முன்னரும் வரலாற்றுத் தொகுப்புகள் இருந்தன. அவற்றுட் பல ஒரு துறையினரையோ ஓர் ஊரினரையோ மட்டும் பேசின. ஹதீதுக் கலைஞருக்கு ஒரு நூல், கவிஞருக்கு ஒரு நூல், பக்தாதினருக்கு ஒரு நூல் என்றவாறு அவை பிரிந்து கிடந்தன. இப்னு கல்லிக்கானோ, தம் நூலை உலமாக்கள், மன்னர்கள், அமைச்சர்கள், கவிஞர்கள் என எந்த ஒரு கூட்டத்தாருக்கும் உரியதாக ஆக்கவில்லை என்றும், மக்களிடையே பெயர் பெற்று, 'யார் அவர்?' எனக் கேட்கப்படும் எவருக்கும் அதில் இடமுண்டு என்றும் முன்னுரையிலேயே கூறிவிடுகின்றார். ஷாபிஈ மத்ஹபின் காழி ஒருவர் வகுத்த விதி இது என்பதை நினைவிற் கொண்டால்தான் இதன் அகலம் விளங்கும்.

பாடகரும் ஆட்டக்காரரும்

அவ்விதி வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. அப்பாசிய அரசவையின் பெரும் பாடகர் இப்ராஹீம் அல்-மவ்ஸிலிக்கும் அவர் மைந்தர் இஸ்ஹாக்குக்கும் இந்நூலில் இடமுண்டு. தந்தையைப் பற்றி எழுதுகையில், 'மவ்ஸிலி' என்னும் பெயர் கொண்டு அவரை மவ்ஸில் நகரத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே சிலகாலம் தங்கியதால் வந்த பெயர் அது என்று தெளிவுபடுத்துகின்றார். ஒரு பாடகரின் பட்டப்பெயர்க் காரணத்துக்கும் ஒரு முஹத்திதின் பெயருக்குக் காட்டும் அதே கவனம்!

மைந்தர் இஸ்ஹாக்கின் குறிப்பு இன்னும் சுவையானது. மொழியும் கவிதையும் பண்டை வரலாறும் கற்றுத் துறைபோகிய அவரை உலகம் பாடகராகவே அறிந்தது. இசையால் அவர் பெயர் பரவாதிருந்தால் அவரைக் காழியாக நியமித்திருப்பேன் என்றும், இப்போதுள்ள காழிகளைக் காட்டிலும் வாய்மையிலும் மார்க்கப் பற்றிலும் நம்பகத்திலும் அவரே மேலானவர் என்றும் கலீபா மஃமூன் கூறியதாக இப்னு கல்லிக்கான் பதிவு செய்கின்றார். இதனைப் படிப்போர், எழுதியவர் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. காழிகளைக் குறைத்துப் பேசும் ஒரு சொல்லை, காழிகளின் தலைவராயிருந்த ஒருவர் கூட்டாமலும் குறைக்காமலும் ஏட்டில் ஏற்றியிருக்கின்றார். தம் இனத்தாரின் பெருமையைக் காக்க வேண்டி மறைந்த ஒருவரின் பெருமையை மறைக்காத இந்நேர்மையே இந்நூலின் உயிர்நாடி எனலாம்.

சதுரங்க ஆட்டத்தில் ஒப்பாரின்றி விளங்கிய அபூபக்ர் அஸ்ஸூலியின் குறிப்பும் நம் கருத்துக்குரியது. நன்றாக ஆடும் ஒருவனை 'ஸூலியைப் போல் ஆடுகின்றான்' எனப் புகழ்வது மக்கள் வழக்கு. அவ்வழக்கிலிருந்து, சதுரங்கத்தைப் படைத்தவரே ஸூலிதான் என்னும் தவறான எண்ணமும் பரவியிருந்தது. இப்னு கல்லிக்கான் அதனை மறுத்து, அவ்வாட்டம் இந்தியாவில் பிறந்தது என்னும் செய்தியையும், கட்டத்துக்குக் கட்டம் இரட்டிக்கும் தானியக் கதையையும் எடுத்துரைக்கின்றார். அக்கதையின் கணக்கு அவருக்கு நெடுநாள் ஐயமாகவே இருந்திருக்கின்றது. இஸ்கந்தரிய்யாவின் கணக்கர் ஒருவர் வழி காட்டிய பின்னரே அவர் அமைதியுற்றார். பதினாறாம் கட்டத்தில் 32,768 மணிகள்; அதனை ஓர் அளவைக் குவளையாகக் கொள்க. இரட்டித்துச் செல்லச் செல்லக் குவளைகள் மரக்கால்களாகி, நாற்பதாம் கட்டத்தில் ஒரு களஞ்சியம் நிறைகின்றது. ஐம்பதாம் கட்டத்தில் அத்தகைய களஞ்சியங்கள் 1,024. அதனை ஒரு நகரமெனக் கொண்டால், அறுபத்து நான்காம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! மறைந்த ஓர் ஆட்டக்காரரின் வரலாற்றில் இத்துணை நீண்ட கணக்கு எதற்கு என்று கேட்கலாம். கேட்ட கதையையும் அவர் நிறுத்துப் பார்க்காமல் எழுதவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஸூலி ஹிஜ்ரி 335-இலோ 336-இலோ பஸறாவில் தலைமறைவாக இருந்த நிலையில் இறந்தார். இரண்டு ஆண்டுகளையும் தந்து, ஒன்றைத் தம் விருப்பப்படி தள்ளிவிடாமல் விட்டுவைக்கின்றார் ஆசிரியர். 'என்றும் சொல்லப்படுகின்றது' என்னும் பொருள்படும் 'கீல' என்ற அந்தச் சின்னஞ்சிறு அறபுச் சொல்லில் ஒரு பெரிய அறம் அடங்கியுள்ளது.

சான்றின் மூன்று படிகள்

நூலின் முழுப்பெயரே அதன் முறையை அறிவிக்கின்றது. ஏடுகளிலிருந்து எடுத்தது, செவியாற் கேட்டது, கண்ணாற் கண்டது என மூவகையால் உறுதிப்பட்டவையே இதில் உள்ளன என்பது அப்பெயரின் இறுதிப் பகுதி தரும் கருத்து. இம்மூன்றையும் கலந்து குழப்பாமை அவருடைய தனிச்சிறப்பு.

கண்ணாற் கண்டதற்கு எடுத்துக்காட்டு வேண்டின், சுல்தான் ஸலாஹுத்தீனின் வரலாற்றாசிரியர் காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாதின் குறிப்பைப் படிக்கலாம். ஹலபில் மாணவராயிருந்தபோது இப்னு கல்லிக்கான் அவரை நேரிற் கண்டவர். முதுமையால் உடல் ஒடுங்கி, பறவைக் குஞ்சு போல் மெலிந்துவிட்ட அம்மேதையின் நிலையை அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அவையில் ஓர் ஓரத்தில் அமர்ந்து உஸ்தாதை நோக்கும் இளைஞரின் பரிவு நமக்குப் புலனாகின்றது. 'பேரறிஞர், பெருந்தகை' என்னும் அடைமொழிகள் நூறு சேர்ந்தாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகா.

பெயர்களின் ஒலிப்பையும் எழுத்தெழுத்தாகச் சொற்களால் எழுதி வைக்கின்றார். இவ்வெழுத்துக்கு இக்குறி, அவ்வெழுத்துக்கு அக்குறி என்று. புள்ளியும் குறியும் படியெடுப்போர் கையில் சிதைந்துவிடும்; சொற்களால் எழுதியது சிதையாது. மறைந்தவரின் பெயரைப் பிழையின்றிப் பிற்காலத்தார் உச்சரிக்க வேண்டும் என்னும் இக்கவலையும் அவருக்குச் செய்யும் கடமைகளுள் ஒன்றன்றோ?

குறைகள்

இத்துணைச் சிறப்புடைய நூலிலும் குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, அடுக்குமுறை. ஆண்டு வரிசையைக் காட்டிலும் எழுத்து வரிசையே தேடுவோர்க்கு எளிது என்று அவர் அதனைத் தேர்ந்தார். ஆயின் இயற்பெயரைக் கொண்டே அடுக்கினார். முதனப்பியைத் தேடுவோர் 'அஹ்மது' என்றும், ஜாஹிழைத் தேடுவோர் 'அம்ர்' என்றும், ஸலாஹுத்தீனைத் தேடுவோர் 'யூஸுப்' என்றும் முன்பே அறிந்திருக்க வேண்டும். அறிந்தோர்க்கு எளிதான வழி, அறியாதோர்க்கு முட்டுச்சந்தாகின்றது.

இரண்டாவது, சுருக்கம் என்று அவரே பெயரிட்ட நூல் பல இடங்களில் சுருக்கமாக இல்லை. கவிதைகளின் மீது அவருக்கிருந்த காதல் அளவு கடந்தது. சில குறிப்புகளில் மேற்கோள் செய்யுட்களின் வெள்ளத்தில் வரலாற்றுக்குரியவரே மூழ்கிப் போகின்றார்.

மூன்றாவது குறையே பெருங்குறை. நாத்திகக் கருத்துகளுக்காகப் பெயர் கெட்ட இப்னு ராவந்தியைப் பற்றி எழுதியபோது, அவருடைய கலாம் புலமையையும் நூல்களையும் குறித்த ஆசிரியர், அவர் எதனால் உலகில் பேசப்பட்டாரோ அதனைச் சொல்லாமலே விட்டுவிட்டார். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் வரலாற்றறிஞர் இப்னு கதீர் இதன்பொருட்டு இவரைக் கடுமையாகச் சாடியுள்ளார். அச்சாடலின் சூடு மிகை என்போரும் உளர். நம் கருத்தில், சூடு மிகையாயினும் குற்றச்சாட்டு நியாயமானதே. இறந்தவரை ஏசாதிருத்தல் வேறு; அவர் வாழ்வின் நடுத்தூணையே மறைத்தல் வேறு. முன்னது பண்பு, பின்னது படிப்போரைத் திசைதிருப்பல்.

இப்படிக் கூறுவதற்கு அவருடைய நூலே நமக்கு அளவுகோல் தருகின்றது. ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுபைப் பற்றி எழுதியபோது அவனுடைய கொடுமைகளையும் கூறினார். திருமறை எழுத்துகளுக்குப் புள்ளியிட்டு ஓதலைப் பிழையினின்று காக்க அவன் காலத்தில் நடந்த ஏற்பாட்டையும் கூறினார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கவில்லை. ஹஜ்ஜாஜுக்குப் பிடித்த அதே தராசை இப்னு ராவந்திக்கும் பிடித்திருக்க வேண்டும்.

நான்காவது, பெண்டிரின் எண்ணிக்கை. இப்பெருநூலில் அவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கோரே. ராபிஆ அல்-அதவிய்யாவும் ஸெய்யிதா நபீஸாவும், எழுத்துக் கலையிலும் ஹதீதிலும் சிறந்த ஷுஹ்தாவும் உளர். எனினும் கூட்டம் சிறிது. நீஷாப்பூரின் ஹதீது அறிஞர் உம்முல் முஅய்யத் ஸைனப் அம்மையாரின் குறிப்பில், தமக்கு அவர் ஹிஜ்ரி 610-இல் இஜாஸா எழுதித் தந்ததை ஆசிரியர் நன்றியோடு பதிகின்றார். அப்போது அவர் இரண்டு வயதுக் குழந்தை! தம் பிறந்தநாளையும் அவ்விடத்திலேயே குறிக்கின்றார். பெரிய காழியின் பிறப்புச் செய்தி ஒரு பெண்மணியின் வரலாற்றுக்குள் அமர்ந்திருக்கின்றது. பெண்டிரிடம் இவ்வளவு கடன்பட்ட கல்வி மரபில், அவர்களுக்கு ஒதுக்கிய இடம் இத்துணைக் குறுகியதாக இருந்திருக்க வேண்டியதில்லை. விடுபட்டோர் பலரைச் சேர்த்து இப்னு ஷாகிர் அல்-குத்துபி பின்னர் 'பவாத்துல் வபயாத்' எழுதியதே, மூல நூலில் இடைவெளிகள் இருந்தமைக்குச் சான்று.

நமக்குரியது

இவற்றையெல்லாம் தூரதேசத்துச் செய்தியாக எண்ணி ஏட்டை மூடிவிடலாகாது. நம் குடும்பங்களிலும் ஊர்களிலும் மறைந்தோரைப் பற்றி இரங்கலுரைகளும் நினைவு மலர்களும் எழுதப்படுகின்றன. அவற்றுட் பலவற்றில் மறைந்தவரின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவரின் பெயரை வைத்தாலும் ஓர் எழுத்தும் மாற வேண்டியிராது. அன்பிற் சிறந்தவர், ஈகையில் உயர்ந்தவர் என்று எல்லாரும் எல்லாமாகவே இருக்கின்றனர். பிறந்த ஆண்டு இல்லை. யாரிடம் ஓதினார் என்பது இல்லை. எத்தொழில் செய்தார், எந்த ஊருக்குச் சென்று மீண்டார் என்பதும் இல்லை. பாட்டனாரின் மீசான் கல்லில் உள்ளதற்கு மேல் பேரனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பாட்டியாருக்கோ அதுவும் இல்லாமற் போகின்றது. இவ்வாறு எழுதப்படும் புகழுரை, மறைந்தவரை இரண்டாம் முறை அடக்கம் செய்வதாகும்.

பெயரைத் திருத்தமாக எழுதுக. ஆண்டைக் குறிக்க; இரு கூற்று இருப்பின் இரண்டையும் குறிக்க. கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் சொல்லுக. அடைமொழிகளைக் குறைத்து, அவருக்கே உரிய ஒரு செயலையாவது பதிவு செய்க. அவர் ஆலிமாயினும் பாடகராயினும் பந்தாட்டக்காரராயினும் வீட்டுக்குள் இருந்தே பத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த மூதாட்டியாயினும் தராசு ஒன்றாகவே இருக்கட்டும்.

தம் நூலிற் குறை காணும் அறிவுடையோர், நன்கு ஆராய்ந்து உறுதி செய்துகொண்ட பின் அதனைத் திருத்துவாராயின் அவர்க்கு நற்கூலி உண்டு என்னும் கருத்தில் இப்னு கல்லிக்கான் தம் முன்னுரையில் எழுதியிருக்கின்றார். அவர் தந்த அந்த இசைவைக் கொண்டே நாம் இம்மதிப்பீட்டை எழுதினோம். ஆராய்ந்து உறுதி செய்தல் என்னும் நிபந்தனை, அவரைத் திருத்த முனைவோர்க்கு மட்டுமன்று. மறைந்த எவரைப் பற்றியும் ஒரு வரி எழுத முனைவோர் அனைவர்க்கும் உரியதாகும்.