ரோசன்ஹானின் போலி நோயாளி ஆய்வு: சான்றும் வாசிப்பும்

முன்னுரை

அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் ரோசன்ஹான் 1973 சனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ‘பித்துற்ற இடங்களில் பித்தின்றி இருத்தல்’ என்பது அதன் தலைப்பின் பொருள். மனநல மருத்துவத்தின் நோயறிதல் முறை நம்பத்தக்கதன்று என்பதற்குச் சான்றாக அக்கட்டுரை உளவியல் பாடநூல்களில் நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. 2019இல் இதழாளர் சூசன்னா கஹாலன் வெளியிட்ட ‘தி கிரேட் பிரிடெண்டர்’ என்னும் நூல் அச்சான்றையே ஐயத்திற்கு உட்படுத்தியது. அதன்பின் இச்சிக்கல், மறைக்கப்பட்ட ஆவணம் ஒன்று வெளிப்பட்ட செய்தியாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால், ரோசன்ஹான் கட்டுரையின் முதன்மையான குறைகள் 1970களிலேயே அச்சில் இருந்தன. அவை வாசிப்பில்தான் தவறவிடப்பட்டன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஆய்வின் அமைப்பு

ரோசன்ஹான் உள்ளிட்ட 8 போலி நோயாளிகள், 5 மாநிலங்களைச் சேர்ந்த 12 மருத்துவமனைகளில் சேர முயன்றதாகக் கட்டுரை கூறுகிறது. தமக்குக் குரல்கள் கேட்பதாகவும் அவை வெறுமையைக் குறிக்கும் சில சொற்களை உரைப்பதாகவும் அவர்கள் முறையிட்டனர். இக்குறியையும் பெயர், தொழில் ஆகியவற்றையும் தவிர வேறெதையும் அவர்கள் மாற்றிக் கூறவில்லை என்று கட்டுரை உறுதியளிக்கிறது. சேர்க்கப்பட்டதும் அவர்கள் இயல்பாக நடந்துகொண்டனர். எனினும், ஒரு சேர்க்கை நீங்கலாக ஏனையவற்றில் மனச்சிதைவு நோய் என்றே முடிவு செய்யப்பட்டது. அவர்கள் 7 முதல் 52 நாள்கள் வரை, சராசரியாக 19 நாள்கள் அங்குத் தங்க நேர்ந்தது. முதல் மூன்று சேர்க்கைகளின்போது உடனிருந்த 118 நோயாளிகளுள் 35 பேர் இவர்கள் நோயாளிகள் அல்லர் என ஐயுற்றனர், பணியாளர்கள் ஐயுறவில்லை.

கட்டுரையின் ஈர்ப்பு இவ்விறுதி ஒப்பீட்டில் அமைந்துள்ளது. கற்றவர் காணாததைப் பேதை எனப்பட்டவர் கண்டுகொள்ளும் கதையமைப்பு எம்மொழி வாசகருக்கும் பழக்கமானது. எண்களாகத் தரப்பட்டபோதும் வாசகர் மனத்தில் அது கதையாகவே பதிகிறது. கதையாகப் பதிந்த ஒன்றிடம் சான்று கேட்கும் வழக்கம் குறைவு.

தருக்கம் சார்ந்த மறுப்புகள்

மனநல ஆய்வாளர் சீமோர் கெட்டி 1974இல் ஓர் உவமையால் இக்கட்டுரையை மறுத்தார். ஒருவர் குருதியைக் குடித்துவிட்டு மருத்துவமனைக்குச் சென்று அதனை வாந்தியெடுத்தால், மருத்துவர் வயிற்றுப்புண் என்று கருதுவது இயல்பு. அதனால் வயிற்றுப்புண்ணை அறியும் முறையே மருத்துவத்தில் இல்லை என்றாகிவிடாது. நோயாளி பொய்யுரைப்பதைக் கண்டறிவது வேறு. நோயைக் கண்டறிவது வேறு.

1975இல் இராபர்ட் ஸ்பிட்சர் மற்றொரு கோணத்தை முன்வைத்தார். போலி நோயாளிகள் ‘நோய் தணிந்த நிலை’ என்னும் குறிப்புடன் விடுவிக்கப்பட்டனர். மெய்யான மனச்சிதைவு நோயாளிகளுக்கு அக்குறிப்பு அரிதாகவே வழங்கப்பட்டது. எனவே, இவர்களிடம் நோய்க்குறிகள் இல்லை என்பதை மருத்துவர்கள் கவனித்திருந்தனர் என்பதற்கே அது சான்றாகிறது. ரோசன்ஹான் தம் கருத்துக்கு அரணாகக் காட்டிய தரவே அதற்கு எதிராகவும் நிற்பதை ஸ்பிட்சர் புலப்படுத்தினார்.

விலக்கப்பட்ட ஒன்பதாமவர்

1973ஆம் ஆண்டுக் கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்று, ஒன்பதாம் போலி நோயாளி ஒருவரின் தரவுகள் நீக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அவர் தம் வாழ்க்கை விவரங்களையும் மாற்றிக் கூறினார் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். அவர் ஹாரி லாண்டோ. தம் மருத்துவமனை அனுபவம் பெரிதும் நன்றாகவே இருந்தது என்பதை 1976இல் ஓர் உளவியல் இதழில் அவரே எழுதினார். ஆய்வின் முடிவுக்கு மாறான அனுபவம் ஒன்று விலக்கப்பட்டிருந்ததை அந்த ஆண்டு முதலே எவரும் அறிந்திருக்க இயலும். பாடநூல் மரபு அதனைப் பொருட்படுத்தவில்லை.

கஹாலன் கண்டெடுத்த சான்றின் முழுப்பொருள் இவ்விடத்தில்தான் விளங்குகிறது. ரோசன்ஹான் 1969இல் டேவிட் லூரி என்னும் புனைபெயரில் ஹேவர்ஃபோர்டு அரசு மருத்துவமனையில் சேர்ந்தபோது எழுதப்பட்ட பதிவை அவர் வெளிக்கொணர்ந்தார். வானொலி அலைகளை உணர்வதாகவும், ஓசையைத் தடுக்கச் செம்பைக் காதுகளின்மேல் வைத்ததாகவும், தற்கொலை எண்ணம் உண்டு எனவும் ரோசன்ஹான் கூறியதாக அப்பதிவு காட்டுகிறது. கட்டுரை அளித்த உறுதிமொழியுடன் இது பொருந்தவில்லை. வரையறையை மீறியதற்காக லாண்டோ நீக்கப்பட்டார் எனில், அதே அளவுகோலின்படி ரோசன்ஹானும் நீக்கப்பட வேண்டியவரே.

கஹாலன் ஆய்வின் எல்லை

கஹாலன் நூலும் அவ்வாறே ஆராயப்பட வேண்டும். தன்னெதிர்ப்பு மூளை அழற்சிக்கு உள்ளாகி, 2009இல் தொடக்கத்தில் மனநோயாளியாகக் கருதப்பட்டவர் அவர். நோயறிதலின் பிழையைத் தம் உடலில் அறிந்தவராதலின், ரோசன்ஹான் மீதான மதிப்புடனேயே தேடலைத் தொடங்கினார். எட்டு பேருள் ரோசன்ஹானைத் தவிர பில் அண்டர்வுட் ஒருவரையே அவரால் அடையாளம் காண இயன்றது. எஞ்சிய அறுவர் புனையப்பட்டவர்களோ என்னும் ஐயத்தை நூல் எழுப்புகிறது. ஆனால், காணப்படாமை இல்லாமைக்குச் சான்றாகாது. அறுவரைப் பற்றிய தரவுகள் சரிபார்க்கப்பட இயலாதவை என்பதே ஆய்வு நெறிக்கு உட்பட்ட முடிவாகும். அவற்றைச் சான்றாக எடுத்தாளுவதைக் கைவிட அதுவே போதும்.

வினாவும் விடையும்

ரோசன்ஹான் எழுப்பிய வினா பொருளற்றதன்று. ஸ்பிட்சர் தலைமையில் உருவாகி 1980இல் வெளிவந்த அமெரிக்க மனநல நோய்வகைக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, வெவ்வேறு மருத்துவர்கள் ஒரே முடிவுக்கு வரும் நம்பகத்தன்மையை வளர்க்க முயன்றது. அம்முடிவு உண்மையில் இருக்கும் ஒரு நோயைக் குறிக்கிறதா என்னும் ஏற்புடைமை வினா எஞ்சியது. 2013இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் இயக்குநர் தாமஸ் இன்செல், கையேட்டு வகைப்பாட்டில் ஏற்புடைமை குறைவு எனக் கூறி, நிறுவனத்தின் ஆய்வுகள் அவ்வகைப்பாட்டிலிருந்து விலகும் என அறிவித்தார். கஹாலனின் நோய் குருதியிலும் தண்டுவட நீரிலும் எதிர்ப்பொருளாகத் தென்படக்கூடியது. மனச்சிதைவுக்கு அத்தகைய உறுதியான ஆய்வகச் சோதனை இன்றும் இல்லை. நோயாளியின் சொல்லையும் மருத்துவரின் செவியையும் நம்பியே அது அறியப்படுகிறது.

முடிவுரை

வினா சரியானது என்பதால் அதற்குக் கிடைத்த விடையும் சரியாகிவிடாது. மனநல நிலையங்களில் நோயாளிகள் மதிப்பின்றி நடத்தப்படுவதைக் கண்டிப்பவர்க்கு ரோசன்ஹான் கட்டுரை உகந்த கருவியாகத் தோன்றலாம். அக்கருவி முறிந்தால் அவர்களின் நியாயமான குரலும் வலுவிழக்கும். ஆதலின், வகுப்பறையில் இவ்வாய்வைக் கற்பிப்போர் கெட்டி, ஸ்பிட்சர், லாண்டோ ஆகியோர் எழுதியவற்றையும் உடன்வைத்துக் கற்பிப்பதே முறை. ஏற்புடைய கருத்துக்குத் துணைநிற்கும் சான்றையே முதலில் ஐயுற வேண்டும் என்பதை, நீக்கப்பட்டவரைப் பற்றிய அந்த ஓர் அடிக்குறிப்பு உணர்த்துகிறது.