பச்சைப் பூச்சும் பதாகைக் குப்பையும்

"மரம் வளர்ப்பீர்!" என்று முழங்குகிறது ஒரு பதாகை. எதில் அச்சிட்டிருக்கிறார்கள்? மண்ணில் மக்காத ஃப்ளெக்சில்! எதில் அறைந்திருக்கிறார்கள்? சாலையோரத்து வேப்பமரத்தில், நான்கு ஆணிகொண்டு! ஜூன் 5 வந்துவிட்டால் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் இக்காட்சிக்குப் பஞ்சமில்லை. கொல்லாமை பேசிக்கொண்டே கத்தி தீட்டுவோரைக் கண்டிருக்கிறோம். இப்போது மரத்தின் மார்பில் ஆணி அறைந்து மரத்திற்கே வாழ்த்துப்பா பாடுவோரைக் காண்கிறோம்.

விளம்பரத் தொழில் திருந்திவிட்டது, பசுமைப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டது என்று அத்தொழிலார் சொல்லி வருகின்றனர். முற்றும் பொய் என்று நாம் தள்ளிவிடவில்லை. 2020 நவம்பரில் பிரிட்டனின் விளம்பரச் சங்கத்தார் 'ஆட் நெட் ஜீரோ' என்றோர் இயக்கம் தொடங்கினர்; படப்பிடிப்பிலும் பயணத்திலும் ஒளிபரப்பிலும் வெளியேறும் கரியை அளந்து குறைப்பதாகச் சூளுரைத்தனர். அளப்பது நன்று. ஆனால், விளம்பரப்படம் எடுக்கப் போனவர் விமானத்தில் போனாரா, இரயிலில் போனாரா என்று கணக்குப் பார்ப்பவர்கள், அப்படம் விற்கின்ற சரக்கு எண்ணெயா, நிலக்கரியா என்று கேட்க நாணுவானேன்? நெதர்லாந்தின் தி ஹேக் நகரமன்றம் நாணவில்லை. நிலத்தடி எரிபொருள் விளம்பரங்களுக்கு 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து தன் வீதிகளில் சட்டப்படி தடை போட்டது!

நம் நாட்டிலும் விதிகள் பிறந்துள்ளன. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் பசுமை உரிமைகோரல் நெறிகள் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போகமுடியாது. சான்று காட்டு என்பதே இரண்டின் சாரம். தோழர்களே, இந்தக் குரலை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? ஈரோட்டில் 1925இல் 'குடிஅரசு' அச்சேறிய நாள்தொட்டு, எவர் சொன்னாலும் சான்று கேள் என்றுதானே இயக்கம் சொல்லி வந்தது! குளத்தில் மூழ்கினால் பாவம் போகும் என்பதற்கும், பையின்மேல் பச்சை இலைப் படம் அச்சிட்டால் மாசு போகும் என்பதற்கும் என்ன வேறுபாடு? முன்னது புரோகிதன் விற்ற பரிகாரம். பின்னது விளம்பரக்காரர் விற்கும் பரிகாரம்.

நொய்யலைக் கேளுங்கள், அது சொல்லும். 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீர் தேக்கவேண்டிய அணை, சாயக்கழிவு தேக்கும் தொட்டியாயிற்று. கீழே இருந்த உழவனின் கிணறு கெட்டது. மண் உப்புப் பூத்தது. உழவர்கள் வழக்காடினர், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. அதன்பிறகே கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரிக்கும் முறை உறுதிப்பட்டது. இன்று திருப்பூர்ப் பனியனின் பெருமையாக அதனை உலகச் சந்தையில் விளம்பரம் செய்கின்றனர். செய்யட்டும், தொழில்நுட்பம் உண்மையிலேயே பெரிதுதான். ஆயினும், அந்தப் பெருமையைப் பெற்றெடுத்தது உழவனின் வழக்கு என்ற ஒரு வரி எந்த விளம்பரத்திலாவது உண்டா? சுத்திகரித்தபின் மிஞ்சும் உப்புக்கழிவு குவிந்து கிடப்பதைச் சொல்லும் அரைவரியாவது உண்டா?

பிறரை மட்டும் இடித்துரைத்துவிட்டு நாம் நழுவப்போவதில்லை. வீதியில் நிற்கும் பதாகைகளில் அரசியல் கட்சிகளின் பங்கு எவ்வளவு என்பதை ஊர் அறியும். பகுத்தறிவு பேசும் கழகங்களும் இதற்கு விலக்கல்ல. சுயமரியாதைத் திருமணத்துக்கும் ஃப்ளெக்ஸ், படத்திறப்புக்கும் ஃப்ளெக்ஸ்!

அந்த ஃப்ளெக்ஸ் யாது? பாலியெஸ்டர் வலையின்மீது பி.வி.சி. பூசிய விரிப்பு. இரண்டும் ஒட்டிக்கிடப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வது அரிது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்குமேல் குளோரின். குப்பைமேட்டில் கொளுத்தினால் அமிலப்புகையும் டையாக்சின் நஞ்சும் எழும். 2022 ஜூலை முதல் நாள் மத்திய அரசு 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பதாகைகளைத் தடைசெய்தது. வழக்கமாகக் கட்டும் ஃப்ளெக்சோ அதனினும் தடித்தது! மெலிந்தவனைச் சிறையிட்டுத் தடித்தவனைத் தப்பவிட்ட சட்டம் இது. கேரள அரசு 2019இலேயே ஃப்ளெக்சைத் தடுத்தது. நாம் இன்னும் மைக்ரான் அளந்துகொண்டிருக்கிறோம்.

குப்பை மட்டுமா? 2017 நவம்பரில் கோவை அவிநாசிச் சாலையில், அரசு விழாவுக்காக நிறுத்திய அலங்கார வளைவருகே நேர்ந்த விபத்தில் இளம் பொறியாளர் ஒருவர் மாண்டார். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் திருமணப் பதாகை சரிந்து விழ, 23 வயதுப் பெண் பொறியாளர் லாரியின் சக்கரத்தில் மடிந்தார். அன்று கட்சிகள் பலவும் இனிப் பதாகை இல்லை என்றன. அந்தச் சொல் எத்தனை நாள் நின்றது? 2023 ஜூன் முதல் நாள், கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில், விளம்பரப் பலகைக்கான இரும்புச் சட்டம் காற்றில் சாய்ந்து தொழிலாளர் மூவர் மடிந்தனர். முகங்காட்டுவோர் வேறு, உயிர் கொடுப்போர் வேறு!

துணியில் எழுதலாமே என்கின்றனர். எழுதலாம். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஓடும் நாட்டில் துணிக்கா பஞ்சம்? சுவரெழுத்தும் துணியெழுத்தும் எழுதிப் பிழைத்த ஓவியர்களை ஃப்ளெக்ஸ் எந்திரம் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் கைக்கு மீண்டும் தூரிகை வரும். ஆனால் 'துணி' என்று சொல்லிப் பாலியெஸ்டரைத் தலையில் கட்டும் வணிகமும் உண்டு. வெளுக்காத, சாயமேறாத காடா துணியா என்று பார்த்து வாங்கவேண்டும். ஒளிப்பலகை வந்தால் குப்பையே தீரும் என்போரும் உளர். அதற்கு மின்சாரம் ஆகாயத்திலிருந்தா இறங்குகிறது?

நம் கிளைகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்த பொதுக்கூட்டத்தின் வரவுசெலவு படிக்கும்போது, பதாகைக்கு என்ன துணி, எத்தனை கஜம், எழுதியவருக்குக் கூலி எவ்வளவு, மறுநாள் அவிழ்த்தவர் யார், அவிழ்த்தது எங்கே போயிற்று என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.