மாறிய உலகமும் மாறாத பார்வையும்

ஆட்சிக் கட்டிலில் அமர்ந்திருந்தவர்கள் எழுதும் நினைவு நூல்கள் பெரும்பாலும் தற்புகழ்ச்சியில் தொடங்கித் தற்காப்பில் முடிகின்றன. அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ்ஷும், அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த பிரென்ட் ஸ்கோக்ராஃப்டும் இணைந்து எழுதி 1998-இல் வெளியிட்ட 'மாற்றமடைந்த உலகம்' என்னும் நூலை அவ்வரிசையில் எளிதாகத் தள்ளிவிட இயலாது. பனிப்போர் முடிவுற்ற 1989 முதல் 1991 வரையிலான ஆண்டுகளை வெள்ளை மாளிகையின் உள்ளிருந்து காட்டும் நூல் இது. புஷ் தனித்துப் பேசுகிறார். ஸ்கோக்ராஃப்ட் தனித்துப் பேசுகிறார். இடையிடையே இருவரும் ஒரே குரலில் நிகழ்ச்சிகளைச் சொல்லிச் செல்கின்றனர்.

நூலின் உயிர்நாடி நிதானம். 1989 நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தபோது, இத்துணைப் பெரிய வெற்றியில் மகிழ்ச்சி இல்லையா என்று செய்தியாளர்கள் புஷ்ஷை வினவினர். அவர் ஆரவாரம் செய்ய மறுத்தார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினால் மாஸ்கோவில் கோர்பச்சேவின் எதிரிகள் கிளர்ந்தெழுவர் என்பது அவர் அச்சம். 1990 அக்டோபர் 3-இல் ஜெர்மனி ஒன்றாயிற்று. 1991 டிசம்பர் 25-இல் கோர்பச்சேவ் பதவி விலகினார். சோவியத் யூனியன் மறைந்தது. இவ்வளவும் இரு வல்லரசுகளும் நேருக்கு நேர் மோதாமலே நடந்தேறின. இதனைச் சிறு சாதனை என்று நாம் சொல்லோம்.

ஆயின், அந்த நிதானம் யாருக்குக் கிடைத்தது? அணுகுண்டு வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. அது இல்லாதவருக்கு?

ஈராக்கைப் பாருங்கள். குவைத்தை மீட்கும் போர் நடந்துகொண்டிருந்த 1991 பிப்ரவரி 15-இல், ஈராக்கிய இராணுவமும் மக்களும் தாங்களே முன்வந்து சதாம் ஹுசைனைப் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று புஷ் பகிரங்கமாகப் பேசினார். மார்ச்சில் பஸ்ராவும் நஜஃபும் கர்பலாவும் எழுந்தன. வடக்கே குர்தியரும் எழுந்தனர். ஆனால் மார்ச் 3-இல் சஃப்வானில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில், ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட ஈராக்கியத் தளபதிகள் கேட்ட அனுமதியை அமெரிக்கத் தளபதி வழங்கியிருந்தார். அவையே எழுந்த மக்கள்மீது ஏவப்பட்டன. பல்லாயிரவர் மாண்டனர். அப்போது அமெரிக்கப் படை தென் ஈராக்கின் மண்ணிலேயே நின்றிருந்தது. குர்தியர் இலட்சக்கணக்கில் மலைகளுக்கு ஓடிய பின்னரே, ஏப்ரலில் வடக்கில் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. தெற்கே அதுவும் இல்லை.

பாக்தாத் வரை ஏன் செல்லவில்லை என்பதற்கு ஆசிரியர்கள் கூறும் காரணங்கள் வலிமையானவை. ஐ.நா. அளித்த அதிகாரத்தை மீறுவதாகும். உடன் நின்ற அரபு நாடுகள் விலகும். பகைமை நிறைந்த மண்ணில் ஆக்கிரமிப்பாளராக நிற்க நேரும். 2003-இல் புஷ்ஷின் மகன் அதே தவற்றைச் செய்து, தந்தையின் வாதம் சரியென்று மெய்ப்பித்தார். அப்போரைத் தொடங்க வேண்டாமென 2002 ஆகஸ்டிலேயே வெளிப்படையாக எழுதியவர் இதே ஸ்கோக்ராஃப்ட் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. எனினும் பாக்தாதுக்குப் போகாமைக்குச் சொன்ன காரணம், ஹெலிகாப்டர்களைத் தடுக்காமைக்குக் காரணமாகாது. ஈராக் சிதறக்கூடாது, வளைகுடாவின் வல்லமைச் சமநிலை கெடக்கூடாது என்கின்றனர். மக்களை எழச் சொன்ன நாளில் இந்தக் கணக்கு எங்கே போயிருந்தது? இதற்கு நூலில் நிறைவான விடை இல்லை.

ஆப்கானிஸ்தானுக்கோ நூலில் தனி அத்தியாயமே இல்லை. அந்த இருபெரும் பகையின் கடைசிப் போர்க்களம் அது. 1989 பிப்ரவரி 15-இல் சோவியத்துப் படை ஆமு தர்யா ஆற்றைக் கடந்து வெளியேறியது. அதற்கு முன்பே அமெரிக்கா காபூலில் தன் தூதரகத்தை மூடிவிட்டது. இருதரப்பு ஆயுத வழங்கலும் 1991 இறுதிவரை நீடித்தது. பின்னர் இருவரும் பேசிக் கைகழுவினர். ஆயுதங்கள் மட்டும் அங்கேயே தங்கின. 1992 ஏப்ரலில் நஜீபுல்லா ஆட்சி வீழ்ந்ததும் அவற்றைக் கொண்டே முஜாஹிதீன் குழுக்கள் காபூலைச் சிதைத்தன. 1996-இல் தாலிபான் நகரைக் கைப்பற்றியது. 2001-இல் தன் மண்ணில் தாக்குதலுக்குள்ளான பின் அமெரிக்கா அந்நாட்டுக்குத் திரும்பியது. இருபதாண்டு போரிட்டு 2021 ஆகஸ்டில் வெளியேறியது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆமு தர்யாவைக் கடந்தவர் ஒருவர். உறவை மறந்தவர் மற்றொருவர்.

இந்நூலைப் படிக்க வேண்டாம் என்று சொல்வது நம் கருத்தன்று. அவசியம் படிக்க வேண்டும். பேரழிவு வாராமல் காத்த அறிவும் பொறுமையும் அதில் உண்மையாகவே உள்ளன. ஆனால் மாஸ்கோவின் மனம் புண்படுமோ என்று அஞ்சிய பக்கங்களையும், கர்பலாவைக் கடந்து செல்லும் பக்கங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். உலகம் மாறிற்று என்கின்றனர் ஆசிரியர்கள். வல்லவர் வல்லவரைப் பார்க்கும் பார்வை மாறியது மெய்தான். எளியவரைப் பார்க்கும் பார்வை மாறியதாக இந்நூலில் சான்று இல்லை.